எண்பத்து நாலு பலம்

என் மகள் பிறந்த ஆறாம் நாள், அவள் இன்னும் எத்தனை நாளில் முழுவதுமாகத் தீர்ந்துபோவாள் என்று கணக்குப் போட்டேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிரசவ அறைச் சுவரில், சாக்பீஸால், வழிமுறை எல்லாம் எழுதிப் போட்டேன். ஐந்து நாளில் பதினொரு பலம் குறைந்தால், மீதி இருக்கிற எழுபத்து மூன்று பலம் குறைய எத்தனை நாள் ஆகும்? முப்பத்து மூன்று நாளும் கொஞ்சமும். அந்தக் கொஞ்சத்தை என்ன செய்வது என்று தெரியாமல்தான் அழ ஆரம்பித்தேன்.

அப்போது எனக்கு முப்பத்தொன்பது வயது. தொடக்கப்பள்ளியில் நாலாம் வகுப்பு ஆசிரியை. எங்கள் ஊர் ஓசூரிலிருந்து தளிக்குப் போகிற சாலையில் இருக்கிறது. என் கணவருக்கு அங்கே புளி மண்டி. ஜவளகிரிக் காட்டோரத்திலிருந்து வண்டி வண்டியாகப் புளி வரும், அவர் எடை போட்டு எடுத்துக்கொள்வார். மண்டிக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். வீட்டில் எதைத் தொட்டாலும் லேசாகப் புளிக்கும்.

இந்த மகளுக்கு முன் எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. ஒன்று ஆறு நாள் இருந்தது. இன்னொன்று ஏழு நாள். இரண்டும் ஒரு காலையில் பால் குடிப்பதை நிறுத்தின. அதற்குப் பிறகு அதிக நேரம் ஆகவில்லை. எட்டாம் நாளை நாங்கள் பார்த்ததே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவதில் முக்கால்வாசி கோமாளித்தனம். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் என்னை முழுப் பைத்தியம் என்று நினைக்கமாட்டீர்கள். முக்கால் பைத்தியம் என்று நினைத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

கோடை விடுமுறையில், ஒரு பட்டப்பகலில், வீட்டிலேயே பிரசவம் ஆயிற்று. இரண்டு மைல் தள்ளியிருந்த அரசாங்கப் பிரசவ நிலையத்திலிருந்து நர்சம்மா வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்கள் ஊருக்கு வந்து மூன்று வருஷமாகியும் பேச்சில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. கத்தரியையும் நூலையும் இருபது நிமிஷம் கொதிக்கவைத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கொதிக்கவைத்தார். குழந்தை பிறந்ததும் துணியில் தூளிபோலக் கட்டி, தான் கொண்டுவந்த வில் தராசின் கொக்கியில் மாட்டித் தூக்கிப் பிடித்தார்.

“பொம்பளப் பிள்ள. ஆறரை பவுண்டு. அழுகைய கேட்டியளா? வரி வாங்க வந்த மணியக்காரர் மாதிரில்லா அதட்டுதா!”

பிறகு தராசைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். “இனி பத்தாம் நாள்தான் எடை” என்றார்.

அந்தப் பத்து நாளும் என்னைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் வந்தார்கள். காலை எட்டு மணிக்கு நர்சம்மா. காய்ச்சல் பார்ப்பார், என் வயிற்றை அழுத்தி கருப்பை சுருங்குகிறதா என்று பார்ப்பார், குழந்தையின் தொப்புளைச் சுத்தம் செய்து புதுத் துணி கட்டுவார். அவர் சோப்புப் போட்டுக் கை கழுவும் நேரத்தில் நான் ஒரு பதிகம் சொல்லி முடித்துவிடுவேன். அவர் வந்த கொஞ்ச நேரத்தில் ஊர் மருத்துவச்சி வருவாள். ஐம்பது வயது இருக்கும், குரலுக்கு இருபது வயது. எனக்கு வெந்நீர் ஊற்றுவது, வயிற்றுக்குப் பழைய புடவையைச் சுற்றி இறுக்கிக் கட்டுவது, சாம்பிராணி போடுவது எல்லாம் அவள் வேலை. குழந்தையைக் கொஞ்சுவதற்குத் தெலுங்கு, என்னை அதட்டுவதற்குத் தமிழ், நர்சம்மாவோடு சண்டை போடுவதற்குக் கன்னடம் வைத்திருந்தாள். நர்சம்மாவுக்குக் கன்னடம் தெரியாது என்பதுதான் காரணம்.

முதல் சண்டை தண்ணீருக்கு.

“பெத்தவளுக்குத் தண்ணி குடுக்காத. வயிறு ஊதிக்கும்” என்றாள் மருத்துவச்சி.

“தண்ணி குடிக்காம பால் எங்கருந்து வரும்? உங்க வீட்டுக் கெணத்துலருந்தா?” என்றார் நர்சம்மா.

“நீ இதுவரிக்கும் எத்தினி பெத்த?”

“எனக்குக் கல்யாணமே ஆவல.”

“பாத்தியா டீச்சரம்மா? பெறாதவ வந்து பெத்தவளுக்குப் பாடம் சொல்றா.”

“மாட்டு டாக்டர் என்ன, கன்னு போட்டுட்டா வேலைக்கு வந்தாரு?”

மருத்துவச்சி இதற்குக் கன்னடத்தில் நீளமாகப் பதில் சொன்னாள். நர்சம்மா எனக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார். பிறகு இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எங்கள் வீட்டுக் காப்பியைக் குடித்தார்கள். எனக்குக் காப்பி கூடாது என்பதில் மட்டும் இருவருக்கும் முழு ஒற்றுமை.

இரண்டாம் நாள் காலையில் நான் நர்சம்மாவிடம் கேட்டேன்: “இன்னைக்கு ஒரு தடவை எடை போட்டுப் பார்க்கலாமா?”

“பத்தாம் நாள்.”

“ஏன் பத்தாம் நாள்?”

“ஏன்னா பத்தாம் நாள்தான். அடைக்கு உக்காந்த கோழி முட்டைய தெனமும் எடை போட்டா பாக்கு?”

கோழிக்கு இதற்கு முன் இரண்டு முட்டை போயிருந்தால் போட்டுத்தான் பார்த்திருக்கும். அவர் குடையை விரித்துக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை காத்திருந்தேன். பிறகு கணவரைக் கூப்பிட்டு மண்டித் தராசைக் கொண்டுவரச் சொன்னேன்.

அவர் அறைக்குள் வருவதில்லை. பதினோரு நாள் தீட்டு. மண்டியில் மூன்று பாஷையில் அதட்டுகிற மனிதர், அறை வாசல் திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்று “என்ன பண்றா?” என்று மட்டும் கேட்பார். “தூங்குறா” என்றால் போய்விடுவார். கால் மணி நேரத்தில் மறுபடியும் வருவார். தராசு என்று நான் சொல்லி வாய் மூடுவதற்குள், கூடத்து உத்தரத்தில் கயிறு போட்டு அதைத் தொங்கவிட்டுவிட்டார். அவருக்கும் அதுவேதான் ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டியது மருத்துவச்சி. அவள் மாட்டேன் என்று நின்றாள்.

“பச்சப் பிள்ளய தராசுல வெப்பாங்களா? கண்ணு பட்டுடும்.”

“ஒரே ஒரு தடவை.”

அவள் தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தாள். “அப்போ ஒண்ணு பண்ணு. கூடவே ஒரு பூசணிக்காயையும் எட போடு. எது பிள்ள, எது காயின்னு தெரியாம கண்ணு கொழம்பிப் போயி திரும்பிடும்.”

கண் குழம்ப வேண்டுமென்றால் இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம். ஆகவே பரண்மேல் இருந்த ஒரு பூசணிக்காயை இறக்கி, குழந்தைக்குச் சுற்றியது போலவே மல் துணி சுற்றி, கன்னத்தில் மைப்பொட்டு வைத்தாள். பூசணிக்காய்க்குக் கன்னம் எது என்பதில் அவளுக்கும் என் கணவருக்கும் சிறிது வாக்குவாதம் நடந்தது. நான் திரைக்கு இந்தப் பக்கம் கட்டிலில் உட்கார்ந்து ஆறரை பவுண்டைப் பலமாக மாற்றிக்கொண்டிருந்தேன். மண்டியில் பவுண்டு கிடையாது, வீசையும் பலமும்தான். ஒரு பலம் என்றால் சின்ன எலுமிச்சம்பழத்தின் கனம். எண்பத்து நாலு பலம் வந்தது. அறைக் கதவு உட்புறமாகத் திறந்து சுவரோடு ஒட்டி நிற்கும். அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்த சுவரில் கட்டம் போட்டு, முதல் நாளுக்கு நேராக 84 என்று எழுதினேன். அங்கே நர்சம்மாவின் கண்ணுக்குப் படாது.

வெளியே தராசுச் சங்கிலி சத்தம் கேட்டது. “ரா தல்லி, ரா” என்று மருத்துவச்சி கொஞ்சினாள். என் கணவர் கல் வைக்க ஆரம்பித்தார். மண்டிக்காரர்கள் எண்ணும்போது ஒன்று என்று சொல்லமாட்டார்கள். “லாபம்” என்றுதான் தொடங்குவார்கள். அந்த ராகம் மாறாமல், “லாபம்... ரெண்டு...” என்று இழுத்து, முள் நேராக நிற்கும்வரை நிறுத்தி, பிறகு கூப்பிட்டார்: “பிள்ளை எண்பது! காய் தொண்ணூத்தெட்டு!”

எண்பதா? ஒரு நாளில் நாலு எலுமிச்சம்பழம் எங்கே போயிற்று?

ஒரே ஒரு தடவை என்றது அதோடு போயிற்று. நர்சம்மா திரும்பிப் போனதும் தினமும் தராசு தொங்கியது. மூன்றாம் நாள் பிள்ளை எழுபத்தெட்டு. நாலாம் நாள் கோடை மழை பிடித்துக்கொண்டது. பிள்ளை எழுபத்து நாலு. அதைக் கேட்டதும் கட்டிலை விட்டு எழுந்தேன், மருத்துவச்சி தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“பால் பத்தல” என்று தீர்ப்புச் சொன்னாள். “நான் பாத்துக்கறன், நீ திங்கிறத மட்டும் தின்னு.”

நான் தின்றேன். சுட்ட பூண்டு, வதக்கிய பூண்டு, எண்ணெயில் பொரித்த பூண்டு. முருங்கைக்கீரையை ஆட்டுக்கு வைப்பது மாதிரி வைத்தாள். கருவாடு வந்தது. மண்டியில் அப்போது வேப்பனப்பள்ளி மாம்பழக் கூடை ஒன்று இருந்தது. அந்த வாசனை சுவர் தாண்டி வரும்போதெல்லாம், “அதெல்லாம் அடுத்த வருஷம், கண்ணு” என்று இன்னொரு பூண்டை வாயில் திணித்தாள். குழந்தையை ஒரு மணிக்கு ஒரு தடவை எழுப்பிப் பால் கொடுத்தேன். எழாவிட்டால் உள்ளங்காலில் சுண்டினேன். அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்த பார்வையை, பிற்பாடு பள்ளி ஆய்வுக்கு வந்த அதிகாரியிடம்தான் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் காலை நர்சம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

“டீச்சரம்மா, என்ன வாடை இது? நான் இங்க நின்னே பாத்துக்கிடட்டுமா?”

“வெள்ளச் சீலைக்கு வாசம் புடிக்கலியாம்” என்றாள் மருத்துவச்சி, இந்தத் தடவை தமிழிலேயே.

அன்று மதியம் பிள்ளை எழுபத்து நாலு. குறையவில்லை! கருவாட்டின் வெற்றி என்று மருத்துவச்சி அறிவித்தாள். என் கணவர் திரைக்கு அந்தப் பக்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய கொண்டாட்டம். அன்று முழுக்கத் தூறல். ஆறாம் நாள் கூரை ஓடு அதிர மழை கொட்டியது. “பிள்ளை எழுபத்து மூணு! காய் தொண்ணூத்து மூணு!” என்று சத்தத்துக்கு மேலே சத்தம் போட்டுக் கூப்பிட்டார். அப்போதுதான் முதலில் சொன்ன கணக்கைப் போட்டேன்.

பூசணிக்காயின் எடையையும் ஒவ்வொரு நாளும் எழுதிவந்தேன். கட்டம் போட்டால் காலியாக விடக்கூடாது என்று வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பழகியவள். எழுதினேனே தவிர, அந்த வரிசையை ஒரு தடவையும் பார்க்கவில்லை.

ஏழாம் நாள் விடிந்தபோதும் மழை விடவில்லை. நர்சம்மா முழங்கால் வரை நனைந்து வந்தார். உள்ளே வந்ததும் சாரல் கட்டில்வரை அடித்தது. “பிள்ளைக்கு ஊதக்காத்து அடிக்கும்லா” என்று சொல்லிக்கொண்டே கதவைச் சாத்தினார். சாத்திவிட்டுத் திரும்பினால் எதிரே சுவர்.

நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்: தராசு, எண்பத்து நாலு, எழுபத்து மூன்று, முப்பத்து மூன்று நாள். இன்று ஏழாம் நாள் என்பதையும் சொன்னேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் முன்பே அறிவார். மருத்துவச்சி மூலையில் வெந்நீர் அண்டாவின் பின்னால் ஒளிவது மாதிரி நின்றாள். நர்சம்மா திட்டவில்லை. முதலில் போய்க் கை கழுவினார், வழக்கமான நேரம். வந்து குழந்தையைத் தூக்கி, துணியை விலக்கி, தலைமுதல் கால்வரை பார்த்தார். திரும்ப என்னிடம் கொடுத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுவரைப் படித்தார். பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி, மேலிருந்து கீழே, விரல் வைத்து.

“இது பிள்ள. சரி. பக்கத்துல ‘பூ’ன்னு போட்டிருக்கே, இது யாரு?”

“பூசணிக்காய்.”

“பூசணிக்காயா?”

“கண்ணு படாம இருக்க” என்றாள் மருத்துவச்சி அண்டாவுக்குப் பின்னாலிருந்து.

“அது இருக்கட்டும். காய்க்கு என்ன சீக்கு?”

எனக்குப் புரியவில்லை.

“தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தஞ்சு, தொண்ணூத்தஞ்சு, தொண்ணூத்து மூணு. காயும்லா எளைச்சுக்கிட்டே வருது! அதுக்கும் பால் பத்தலியோ?”

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த வரிசையை முதல் முறையாகப் பார்த்தேன்.

“நான் சொல்லல?” என்று மருத்துவச்சி பாய்ந்து வந்தாள். “கண்ணு காயி மேல பட்டிருக்குது!”

“அப்போ பிள்ள ஏன் எளைச்சுது?”

“ரெண்டு கண்ணு வந்திருக்கும்.”

நர்சம்மா கதவைத் திறந்து, கூடத்தில் நின்றிருந்த என் கணவரைக் கூப்பிட்டார். அவர் திரைக்கு வெளியே வந்து நின்றார். அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. கட்டைவிரல் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

“அய்யா, எடை போடும்போது நீங்க என்னென்ன செய்விய? ஒண்ணுவிடாம சொல்லுங்க.”

“என்னம்மா இருக்குது அதுல? சரக்க ஒரு தட்டுல வெப்பன். கல்ல ஒரு தட்டுல வெப்பன். முள்ளு நிக்கும். கழிவு போவ மீதிய கூப்பிடுவன்.”

“என்ன கழிவு?”

“கழிவுதாம்மா. சாக்குக்கு ரெண்டு பலம்.”

நர்சம்மா என் மடியில் இருந்த பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்.

“உங்க மக சாக்குலயா இருக்கா?”

“துணியில இருக்கறா. சரக்கு எதுல வந்தாலும் அது சாக்குக் கணக்குத்தான். சில்லறை எடைக்கு ரெண்டு பலம். இருபது வருஷமா அதான்.”

“சரி. நாலாம் நாள் காய் மூணு பலம் கூடக் கொறைஞ்சிருக்கே?”

“தூறல் போட்டுதே” என்றார், இதுகூடத் தெரியாதா என்கிற குரலில். “ஈரக் கழிவு. தூறலுக்கு மூணு பலம், நல்ல மழைக்கு அஞ்சு. புளி காத்துல இருக்கற ஈரத்த குடிச்சுக்கும், கனமா காட்டும். கழிக்காம கூப்பிட்டா அது நேர்மையான எடை இல்ல.”

“உங்க பிள்ள ஈரத்த குடிச்சுதா?”

கட்டைவிரல் நின்றது.

“பூசணிக்காய் குடிச்சுதா?”

கால்கள் ஓர் அடி பின்வாங்கின.

“நாருக்கு ஏதும் கழிச்சியளா?”

“இல்லம்மா. நார் எடுத்த சரக்குக்கு அது கெடையாது” என்று பொறுப்பாகச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். திரைக்குக் கீழே தெரிந்த கால்கள் மெதுவாக மடங்கின. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மருத்துவச்சி சிரித்த சிரிப்பில் அண்டா மூடி உருண்டு போயிற்று. “நார் எடுத்த பிள்ள! நார் எடுத்த பிள்ள!” என்று சுவரைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். நர்சம்மா சிரிக்காமல் இருக்கப் பார்த்து, முடியாமல், ஈரப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நாலு நாளில் முதல் தடவையாக யாரும் அதன் காலைச் சுண்டவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாக்பீஸை எடுத்து, அவர் கழித்ததை எல்லாம் திரும்பக் கூட்டினேன். எண்பத்திரண்டு, எண்பது, எழுபத்தொன்பது, எழுபத்தொன்பது, எண்பது.

“அப்பவும் எண்பத்து நாலு இல்லையே” என்றேன்.

“டீச்சரம்மா, எல்லாப் பிள்ளையும் மொத நாலஞ்சு நாள் எளைக்கத்தான் செய்யும். பொறந்ததும் ஒடம்புல இருக்குத நீர் எறங்கும், பால் ஊற ரெண்டு மூணு நாள் ஆவும். பெறவு ஏறி, பத்தாம் நாள் வாக்குல பழைய எடைக்கு வந்துரும். அதுக்குத்தான் நடுவுல எடை வேண்டாங்கது. பாத்தா தாய்மாரு பயந்துருவாங்க.”

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!”

“சொன்னா, எளைக்குதான்னு பாக்கதுக்கு தெனமும் எடை போட்டிருப்பிய.”

“சொல்லாமலே போட்டேனே.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அதுவும் சரிதான்” என்றார்.

எனக்காக அவரே எழுந்து கூடத்துக்குப் போய் இன்னொரு தடவை எடை போடவைத்தார். என் கணவர் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. வாய் தானாகக் கூப்பிட்டுவிடும் என்று அவரே பயந்து, துண்டைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டார். கல்லை நர்சம்மா எண்ணினார். மல் துணிக்கு வேறொரு மல் துணியைக் கல்தட்டில் போட்டார். திரை விலகியிருந்தது, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முள் நேராக நின்றதும், துண்டைக் கடித்தபடியே என் கணவரின் வலதுகை தன்னிச்சையாக மேலே போய் இரண்டு விரல் காட்டியது. பிறகு அவர் கூரை ஓட்டை அண்ணாந்து பார்த்தார்; மழை. கை ஐந்து விரலாக விரிந்தது. மருத்துவச்சி அந்தக் கையைப் பட்டென்று ஓர் அடி அடித்தாள்.

எண்பத்தொன்று.

அன்றோடு பூண்டு நின்றது. தெருவே நன்றி சொல்லியிருக்கும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, எட்டாம் நாள். ஞாயிறு நர்சம்மாவுக்கு விடுமுறை. ஆனால் ஆறு மணிக்கே பையில்லாமல், கஞ்சிபோட்ட புடவையில் வந்து நின்றார். “சர்ச்சுக்குப் போற வழி, எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு” என்றார். சர்ச் இருப்பது ஓசூரில். அவர் இருக்குமிடத்திலிருந்து எங்கள் வீடு அதற்கு நேர் எதிர்ப்பக்கம். சற்று நேரத்தில் மருத்துவச்சி வந்தாள். சுருக்குப்பையை நேற்று இங்கேயே விட்டுவிட்டாளாம். பை அவள் இடுப்பில்தான் இருந்தது. மண்டி திறக்கவில்லை. “மழையில எவன் வரப்போறான்” என்றார் என் கணவர். அன்று வெயில்.

யாரும் எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்று சொல்லவில்லை. பூசணிக்காயை முச்சந்தியில் உடைக்கவேண்டுமா, கூட்டு வைக்கலாமா என்று பேசினார்கள். உடைக்கத்தான் வேண்டும் என்று மருத்துவச்சி. நல்ல காயை ரோட்டில் போடுவது பாவம் என்று நர்சம்மா. குழந்தை ஒரு தடவை தும்மியது. நாலு பேரும் எழுந்து நின்றோம். இன்னொரு தடவை தும்மியது. உட்கார்ந்தோம்.

பதினோரு மணி இருக்கும். பால் கொடுத்தேன், அவள் குடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னொரு பக்கம் வைத்துப் பார்த்தேன். உதட்டை இறுக்கிக்கொண்டாள். திரை அன்று விலகியே இருந்தது. என் முகத்தைப் பார்த்தே கூடத்தில் பேச்சு நின்றுபோயிற்று. நர்சம்மா எழுந்து போய்க் கை கழுவினார். தண்ணீர் விழுகிற சத்தம் நின்றபாடில்லை. வந்து உட்கார்ந்து, தன் சுண்டுவிரலைக் குழந்தையின் உதட்டுக்குள் மெதுவாக நுழைத்தார். இசிவு கண்டால் தாடை பூட்டிக்கொள்ளும்; அது திறக்கிறதா என்று பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும். முன்பு இரண்டு தடவை அது திறக்கவில்லை.

நர்சம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகம் ஒரு மாதிரி சுளித்தது.

“எம்மா!” என்றார். “என்னா இழுப்பு இழுக்கா! வெரல முழுங்கிருவா போலிருக்கே. ஏ மூதி, விடுட்டி!” விரலை உருவிக்கொண்டு உதறினார். “பசியில்ல டீச்சரம்மா. ஒரு வாரமா நீங்க குடுத்த குடுப்புக்கு, வயித்துல எடம் இல்ல. கொஞ்சம் விடுங்க, அதுவே கேக்கும்.”

அரைமணி கழித்து அதுவே கேட்டது. கேட்ட கேள்வியில் மண்டிச் சுவர் வரை அதிர்ந்தது.

பொழுது சாயும்வரை இருந்துவிட்டுத்தான் இருவரும் கிளம்பினார்கள். “சர்ச்சு?” என்று கேட்டேன். “அடுத்த வாரமும் அங்கதான இருக்கும்” என்றார் நர்சம்மா. வாசலில் மருத்துவச்சி அவருடைய குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். தெருமுனைவரை அவள் குரல் கேட்டது, கன்னடம் இல்லை.

பத்தாம் நாள் வில் தராசு வந்தது. தூளி கட்டி, கொக்கியில் மாட்டித் தூக்கினார். குழந்தை அந்தரத்தில் சுற்றிச் சுற்றி எங்கள் ஒவ்வொருவரையும் முறைத்தது.

“ஆறு பவுண்டு பத்து அவுன்சு.”

எண்பத்தாறு பலம். நான் சுவரில் எழுதுவதற்கு முன் மனசிலேயே மாற்றிவிட்டேன். வெளியே மறுபடி தூறல் விழுந்துகொண்டிருந்தது. விலகியிருந்த திரைக்கு அந்தப் பக்கம் என் கணவரின் உதடு அசைவது தெரிந்தது.

“அய்யா, வாயத் தொறந்தியன்னா...” என்றார் நர்சம்மா.

“கூப்பிடலம்மா,” என்றார் அவர். “கும்பிட்டேன்.”

பூசணிக்காய் கடைசியில் கூட்டாயிற்று. பதினோராம் நாள் தீட்டுக் கழிக்கிற புண்ணியாசனத்துக்கு மருத்துவச்சியே அரிந்தாள். பொட்டு வைத்த கன்னத்தை மட்டும் தனியே வெட்டி எறிந்தாள். என்னால் சாப்பிட முடியவில்லை. நாலைந்து நாள் என் மகளின் துணியைக் கட்டிக்கொண்டு இருந்த காய். என் கணவர் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டு, ஒரு பலம்கூடக் கெட்டுப்போகவில்லை என்றார்.

அவளுக்கு இப்போது ஐந்து வயது. மண்டிக்குக் கிலோக் கற்கள் வந்துவிட்டன. பலத்தில் யோசிப்பது இந்தத் தெருவில் நான் ஒருத்திதான். வருஷா வருஷம் வெள்ளையடிக்க ஆள் வரும்போது அந்தக் கதவைத் திறந்தே வைத்து, பின்னால் அடிக்கவேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். நடுக்கம் போய்விட்டது என்று சொல்ல ஆசைதான். போகவில்லை. அவள் இருமினால் எனக்கு வகுப்பில் வாய்ப்பாடு மறந்துபோகிறது.

நேற்று சாயங்காலம் மழையில் ஆட்டம் போட்டுவிட்டு, பாவாடை சொட்டச் சொட்ட வந்தாள். துடைக்கிற சாக்கில் தூக்கிப் பார்த்தேன். இளைத்திருக்கிறாளா என்று பார்க்க அப்படித்தான் தூக்குவேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, மூட்டைகளுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது: “எப்படி இருக்கறா?”

“கனமாத்தான் இருக்கா” என்றேன்.

அங்கே ஒரு மூட்டை நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு, “நனைஞ்சிருக்கறாளே” என்றார். உடனே அவசரமாக, “இல்ல, இல்ல. கழிக்காதே. அப்படியே வெச்சுக்கோ.”